மண்டை என்னும் உண்கலச் சொல்



கச்சிராயபாளையம் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குவதே முறை. கச்சி என்பது காஞ்சிமாநகரின் பழம்பெயர். அரையன் என்னும் தமிழ்ச்சொல் அராயன் என நீண்டு, முதலெழுத்தை இழந்து ராயன் என நின்றது என்பர் தனித்தமிழ் ஆய்வாளர். கச்சியின் அரையன் என்னும் பட்டப்பெயரைத் தாங்கிய பாளையம் இது. அருகே நிற்கும் கல்வராயன் மலையும் அதே அரையனைத் தன் பெயரில் சுமந்து நிற்கிறது. அம் மலையினின்று இறங்கி இவ் வூர்க் கழனிகளை நனைக்கும் ஆற்றுக்கு மட்டும் கோமுகி என்று வடசொல் பெயராயிற்று. ஆற்றுநீரைக் குடிப்போர்க்கு அதன் பழைய தமிழ்ப்பெயரைக் கேட்கும் நினைவுகூட எழாத அளவுக்கு அப் பெயர் ஊன்றிவிட்டது. ஒரு சொல் போனால் அது போன சுவடே தெரியாமற் போகும் என்பதற்கு இதைவிட அண்மையான சான்று இவ் வூரார்க்கு வேண்டுவதில்லை.

இன்று எடுத்துக்கொள்ளப்படுவது மூன்றெழுத்துச் சிறுசொல். மண்டை என்பது அது. கேட்டவுடன் சிறுவர் சிரிப்பர், பெரியோர் முகஞ்சுளிப்பர். 'மண்டையில் ஏறுகிறதா?' என அதட்டவும், 'மண்டைக்கனம்' என இகழவும், 'மண்டையைப் போட்டான்' என இறப்பையும் எள்ளவும் மட்டுமே பயன்படும் சொல்லாக அது தாழ்ந்து கிடக்கிறது. பள்ளிக் கட்டுரையில் மாணவன் ஒருவன் மண்டை என்று எழுதினால், ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்துத் தலை என்று திருத்துவார். கொச்சை என்பது அவர் தீர்ப்பு.

அச் சொல் கழகக் காலத்தில் தலையைக் குறிக்கவில்லை. உண்கலத்தைக் குறித்தது. வள்ளல்கள் பாணர்க்குக் கள்ளை வார்த்ததும், ஊனைக் குவித்ததும், மீனைச் சொரிந்ததும் மண்டையில்தான். உண்கலம் தலையானது எவ்வாறு, அச் சொல் எந்த வேரில் கிளைத்தது, மன்னன் முன் நீட்டப்பட்ட கலத்தின் பெயர் எள்ளற்சொல்லாகத் தாழ்ந்தது ஏன் என்பனவே இவ் வுரையின் பொருள்.

புறநானூற்றில் 115-ஆம் பாட்டு கபிலர் பாரியின் பறம்புமலையைப் பாடியது. மலையின் ஒருபால் அருவி ஆர்த்து வீழ்கிறது; மற்றொருபால் பாணர் மண்டைகளை நிறைப்பதற்கென வார்த்த தேறல் வழிந்து, கல்லையும் உருட்டிக்கொண்டு ஓடுகிறது. அருவிக்கு ஈடாகக் கள்ளொழுக்கைப் புலவர் நிறுத்துகிறார் என்றால், அங்கே நீட்டப்பட்ட மண்டைகள் எத்துணை என்பதைக் கணக்கிட வேண்டா. குறுந்தொகை 169-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் வேறொரு மண்டையைக் காட்டுகிறார். பாணர் பச்சைமீனைச் சொரிந்து வைத்த மண்டை அது. கழுவினாலும் புலவு நாற்றம் போகாத அக் கலத்தை, வெறுத்துப்போன உறவுக்கு அவர் உவமையாக்குகிறார். அடுக்களையில் மீன்கழுவும் பெண் ஒருத்தியே அவ் வுவமையின் முழுச்சுவையை அறிவாள். கள்ளுக்கு மட்டுமே உரிய கலம் மண்டை என்று சிலர் எழுதும் குறிப்பு தவறு என்பதற்கும் அப் பாட்டே சான்று.

கலத்தின் வடிவை அறியவும் அப் பாட்டுகளே துணை. அகன்ற மண்டை என்று அடைகொடுத்துப் பாடுவர். எனவே வாயகன்றது. அதனினும் நுட்பமானது, அக் கலத்தோடு சேர்ந்து வரும் வினைச்சொல். 103-ஆம் பாட்டில் ஔவையார் ஒரு விறலியைக் காட்டுகிறார். காவுதடியின் ஒருபால் பதலையும் மறுபால் முழவும் தொங்கச் சுமந்து வந்தவள், பாலைவழியில் இளைத்து அமர்ந்து, கவிழ்ந்து கிடக்கும் தன் மண்டையை மலர்த்துவார் யார் என்று கேட்கிறாள். அதியமான் நெடுமான் அஞ்சி தொலைவில் உள்ளவன் அல்லன், அவனிடம் போ என்று புலவர் ஆற்றுப்படுத்துகிறார். தேனடைபோல் மெல்லென்ற கொழுத்த ஊன் அங்கே கிடைக்கும். வறட்சிக் காலமாயினும் புரக்க வல்லவன் அவன் என்கிறார். 179-ஆம் பாட்டிலும் இதே வினாவே. வள்ளல்கள் மாய்ந்தபின் ஏற்பதற்கு ஒன்றுமின்றிக் கவிழ்ந்த தன் இரவல் மண்டையை மலர்த்துவார் யார் என்று புலவர் வினவ, நாலைகிழவன் நாகனைக் காட்டுகின்றனர்.

கலத்தை நிமிர்த்துவதற்கு மலர்த்துதல் என்றொரு சொல்! வாய் கீழ்நோக்கிக் கிடந்த கலம் வாய் மேல்நோக்கித் திரும்புவதைப் பூ விரிவதாகக் கண்டனர் பழந்தமிழர். மல்லாத்துதல், மல்லாந்து படுத்தல் என்று இன்று வழங்குவதும் மலர்தலின் திரிபே. அகராதிகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இச் செய்தியில் ஒரு வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. உணவுள்ள நாளில் மண்டை மலரும். இல்லாத நாளில் கவிழும். மலர்ந்ததும் கவிழ்ந்ததும் ஆகிய இரு நிலைகளையும் நினைவிற் கொள்க. தலைப்பொருள் பிறந்த இடம் கவிழ்ந்த நிலைதான்.

மண்ணுக்கடியிலிருந்து கிடைப்பனவும் இதனோடு ஒத்துப்போகின்றன. தமிழ்நாட்டின் பழைய ஈமக்காடுகளிலும் வாழிடங்களிலும் அகழ்ந்தெடுக்கப்படும் கருப்பு சிவப்பு மட்கலங்களில், வாயகன்று அடியுருண்ட கிண்ணங்கள் மிகுதி. அடி உருண்ட கலம் தரையில் நிலையாக நில்லாது. ஆகவே அதைத் தாங்கும் வளையங்களும் உடன் கிடைக்கின்றன. சிற்றூர்ப் பெண்டிர் பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணையின் முன்னோர் அவை. பிரிமணை இல்லாத வழிப்போக்கன் தன் அடியுருண்ட கலத்தைக் கீழே வைக்கவேண்டுமாயின் கவிழ்த்துத்தான் வைக்க முடியும்.

இப் பாட்டுகள் யாவும் எங்கோ நடந்தவை என்று இவ்வூரார் எண்ண வேண்டுவதில்லை. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதன்கண் அடங்கிய திருக்கோவலூரில்தான் கபிலர் வாழ்வு முடிந்தது. அங்குள்ள வீரட்டானக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று, கபிலர் பாரிமகளை மலையனுக்கு மணஞ்செய்து கொடுத்துப் பெண்ணையாற்றுக் கல்லில் தீப்புகுந்ததைச் சொல்கிறது. அதே கோவலூரை அதியமான் வென்றதைப் பரணர் பாடினார் என்பதை 99-ஆம் புறப்பாட்டு தெரிவிக்கிறது. கோவலூரை அடுத்த சம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டில், அதியன் நெடுமான் அஞ்சி பாழி ஒன்றை ஈந்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அசோகனின் கல்வெட்டில் சேர சோழ பாண்டியரோடு வைத்துச் சொல்லப்படும் சதியபுதோ என்னும் பெயரை அக் கல் அதியனுக்குச் சூட்டுகிறது. ஔவை பாடிய அஞ்சி இவனே என்பது ஆய்வாளர் பலர் துணிபு. மண்டையைப் பாடிய புலவர் இருவரும், அதை நிறைத்த வள்ளலும் இந் நிலத்தோடு தொடர்புடையோர் என்பதற்குக் கல்லே சான்று.

அவ் வஞ்சி போரில் வீழ்ந்தபோது ஔவையார் பாடிய 235-ஆம் பாட்டு, உலகின் கையறுநிலைப் பாட்டுகளில் முன்வரிசையில் வைக்கத்தக்கது. சிறிதளவு கள் கிடைத்தால் தான் குடியாது இரவலர்க்கே தந்தான். மிகுதியாகக் கிடைத்தால் அவர் பாடக் கேட்டுத் தானும் மகிழ்ந்து உண்டான். சோறும் அவ்வாறே, பலரோடு பகிர்ந்தே உண்டான். அத்தகையவன் மார்பில் தைத்த வேல் எங்கெங்கே பாய்ந்தது என்று புலவர் எண்ணிக் காட்டுகிறார். முதலில் அது துளைத்தது பாணரின் அகன்ற மண்டையை. அதன்பிறகே இரப்போர் கைகளை உருவி, சுற்றத்தார் கண்பாவையை ஒளிமழுக்கி, தேர்ந்த சொல்லையுடைய புலவர் நாவில் போய் வீழ்ந்தது.

வரிசையைக் காண்க. புலவர் தம் நாவைக் கடைசியில் வைத்தார்; பாணர் மண்டையை முதலில் வைத்தார். அரசன் இறந்தால் முதலில் ஓட்டையாவது ஏழையின் உண்கலம் என்பதை அறிந்தவர் அவர். நெஞ்சில் தைத்த வேலுக்கும் தெருவோரத்து மட்கலத்துக்கும் இடையே தொலைவே இல்லாத ஓர் உலகம் அது. 1894-இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றிய பிறகே பொதுமக்கள் இப் பாட்டைக் கண்டனர். அதற்குள் மண்டை என்றால் தலை என்பதே நாட்டின் வழக்காய்விட்டிருந்தது. ஆகவே உரைக்குறிப்பு எழுதுவோர் இச் சொல்லுக்குப் பொருள் சொல்லவேண்டியதாயிற்று. அவருட் பலர் என்ன எழுதினர்? 'மண்டை: பாத்திரம்' என்று எழுதினர்! தமிழ்ச்சொல்லை விளக்க வடசொல்லை அழைத்தனர். கலம், ஏனம், வட்டில், கிண்ணம் என்று வீடு நிறையச் சொல் இருக்க, பக்கத்து வீட்டில் கடன்கேட்கும் இப் பழக்கம் என்று தீருமோ!

இடைக்காலத்துக்கு வருவோர் அங்கே வேறொரு காட்சியைக் காண்பர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டு வரை கொடுத்த பொற்கலங்களின் பட்டியல் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. தளிகை, வட்டில், தட்டம், கெண்டி, கலசப்பானை எனக் கலம் கலமாகப் பெயர் சொல்லி, ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடையும் பொறித்திருக்கின்றனர். அக் கணக்கின் நேர்மையை வியவாதார் இலர். தளிகை என்னும் கலப்பெயர் பின்னர் அதில் படைக்கும் சோற்றுக்கே பெயராகி, மாலியர் இல்லங்களில் சமையலையும் குறிக்கலாயிற்று. கலத்தின் பெயர் வேறு பொருளுக்குத் தாவுவது புதுமையன்று என்பதற்காக இதனை இங்கே சொல்லவேண்டியதாயிற்று. பொன்னும் வெள்ளியும் செம்பும் கோயிலிலும் அரண்மனையிலும் மின்னத் தொடங்கிய அக் காலத்தில், மண்டை இரப்போர் கலத்துக்குப் பெயராக ஒதுங்கிற்று. கள்ளுக்கலமாக இருந்த பணியை மொந்தை ஏற்றுக்கொண்டது. சோற்றுக்கலமாக இருந்த பணியை வட்டிலும் வாழையிலையும் ஏற்றுக்கொண்டன.

கலம் மட்டும் ஒதுங்கவில்லை. கலம் ஏந்தியவரும் ஒதுக்கப்பட்டனர். இதுவே இச் சொல்வரலாற்றின் உயிர்நிலை. கழகக் காலத்தில் மன்னனோடு உடனிருந்து உண்ட பாணர், இடைக்காலத்தில் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றனர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலின் வாயிலில் நின்றே யாழிசைத்தார் என்றும், இறைவன் ஆணையிட்ட பின்னரே அடியார் அவரை உள்ளே அழைத்துச் சென்றனர் என்றும் பெரியபுராணம் கூறும். யாழ் தொட்ட கைக்கே அந்நிலை என்றால், அக் கை ஏந்திய மண்டைக்கு மதிப்பேது? பிடித்தவன் தாழ, பிடித்த பொருள் தாழ, பொருளின் பெயரும் தாழ்ந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்குவோர் தேநீர்க் கடைகளை நினைக்க. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு தீண்டாமையை ஒழித்தது; 1955-இல் அதற்கு ஒறுப்புச் சட்டமும் வந்தது. அதன் பின்னும் பல்லாண்டுகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை இருந்தது. ஒரு சாரார்க்குக் கண்ணாடிக் குவளை. மற்றொரு சாரார்க்குத் தனியே மாட்டிவைத்த குவளை, அல்லது கொட்டாங்கச்சி. தான் குடித்த கலத்தைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். சிறிது கிடைத்தால் உனக்கு, பெரிது கிடைத்தால் இருவர்க்கும் என்ற அதியமானின் மண்ணிலேயே இது நடந்தது. கலம் என்பது வெறும் மண்ணோ பொன்னோ அன்று. யார் யாரோடு உண்ணலாம் என்பதன் அளவுகோல் அது. மண்டை என்னும் சொல்லைக் கொச்சை என்போர், அக் கொச்சைத்தன்மை சொல்லில் பிறந்ததா, அதை ஏந்தியவர்மேல் ஏற்றப்பட்ட இழிவிலிருந்து வந்து ஒட்டியதா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, கலம் தலையானது எவ்வாறு என்பதைக் காண்போர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வாயகன்று அடியுருண்ட ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தாலே போதும். மேலே உருண்டு நிற்பது தலையின் உச்சிதான். உள்ளே குழிவும் வெளியே வளைவுமாக, ஓடுபோல் மூளையைப் பொதிந்து நிற்கும் எலும்புக்கூடு கவிழ்ந்த மண்டையே அன்றி வேறில்லை. மட்கலத்தின் உடைந்த துண்டுக்கும், ஆமையின் முதுகுக்கும், தேங்காயின் வன்புறத்துக்கும், தலையெலும்புக்கும் ஓடு என்ற ஒரே சொல்லைத் தமிழ் வழங்குவதைக் காண்க. இரவலர் ஏந்தும் கலத்தையும் திருவோடு என்பர். கலமும் ஓடும் தலையும் தமிழனின் கண்ணில் ஒரே வடிவின. மண்டையோடு என்னும் தொடரில் அவ் விரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இம் மாற்றம் தமிழில் மட்டும் நிகழ்ந்ததன்று. கன்னடத்தில் மண்டெ என்றால் தலை. துளுவிலும் மண்டெ தலையே. மலையாளத்தில் மண்ட என்பது தலையையும் தென்னையின் உச்சியையும் குறிக்கும். தமிழிலும் பனையின் உச்சிக்கொண்டையை மண்டை என்பதுண்டு. ஒரு குடும்பத்து மொழிகள் பலவற்றில் ஒரு சொல் இவ்வாறு வேரூன்றியிருப்பது, அது நேற்று வந்த விருந்தினர் அன்று என்பதைக் காட்டும்.

கடல்கடந்த மொழிகளிலும் இதே நடை காணப்படுவது வியப்பூட்டும். இலத்தீனில் குப்பா என்பது குடிகலம். ஆங்கிலத்தில் அது கப் என நின்று இன்றும் கலத்தையே குறிக்கிறது. செருமானியத்தில் கொப்ஃப் என்றாகி, முதலில் கலத்தைக் குறித்து, பின்னர்த் தலையைக் குறிக்கலாயிற்று. இன்று செருமானியன் தலை என்பதற்குச் சொல்லும் பொதுச்சொல் அதுவே. ஒல்லாந்தரின் மொழியிலோ கொப் என்னும் ஒரே சொல் கலத்தையும் தலையையும் இன்றளவும் குறிக்கிறது. தமிழர் நாவில் வழங்கும் கோப்பை போர்த்துகீசியர் வழி வந்தது. அதுவும் அக் குடும்பத்துப் பிள்ளையே. பிரெஞ்சு மொழியின் கதை இன்னும் தெளிவானது. இலத்தீனில் தெசுத்தா என்பது மட்கலம், ஓடு என்று பொருள்படும். படைஞரும் பொதுமக்களும் எள்ளலாகத் தலையைத் தெசுத்தா என்றனர். அவ் வெள்ளற்சொல்லே தெத் எனத் திரிந்து, இன்று பிரெஞ்சுக்காரரின் அவையிலும் நூலிலும் தலைக்குரிய முறையான சொல்லாக வீற்றிருக்கிறது. பழைய தலைச்சொல்லாகிய காப்புத் வேறு பொருள்களுக்கு ஒதுங்கிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சுட்டவேண்டும். பிரெஞ்சுக்காரர் தம் பானைச்சொல்லை அவைக்கு உயர்த்தினர். தமிழிலோ தலை என்னும் தொல்சொல் தளராமல் நின்றது. மண்டை தெருவில் நின்றுவிட்டது. இரண்டு சொல்லும் உயிரோடிருப்பது தமிழின் செல்வமே. ஆனால் தெருவில் நிற்பதனாலேயே அது தமிழன்று என்றும் இழிவென்றும் கொள்வது அறியாமை. பாட்டில் கவிழ்ந்த மண்டையைப் படித்துவிட்டு, 'மண்டையைப் போட்டான்' என்னும் வழக்கையும் அதனோடு முடிச்சிட ஆசைப்படுவோர் உண்டு. அஃது ஆய்வன்று, கற்பனை. ஆயினும் இனிய கற்பனை என்பதை மறுப்பதற்கில்லை.

வேரைப் பற்றி மூன்று கருத்துகள் நிலவுகின்றன. மண்ணால் ஆனதால் மண்டை என்பது ஒன்று. கேட்க நன்றாயிருக்கும் இக் கருத்து நில்லாது. மண்ணோடு கலம் சேர்ந்தால் மட்கலம். பாண்டம் சேர்ந்தால் மட்பாண்டம். மண் என்னும் நிலைமொழி வல்லெழுத்துக்கு முன் மட் எனத் திரிவதே மரபு. மேலும் மண்ணால் ஆகாதனவும் மண்டை எனப்படுகின்றன. பனையுச்சியில் மண் ஏது? மண்டைவெல்லத்தில் மண் ஏது? அரைவட்டமாக உருண்டு திரண்ட வெல்லக்கட்டியை மண்டைவெல்லம் என வணிகர் வழங்குவர். கழனியெல்லாம் கரும்பாகவும், கூட்டுறவுச் சருக்கரை ஆலையைத் தன்னகத்தே கொண்டதாகவும் உள்ள இவ் வூரில் அச் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. கலம், தலையெலும்பு, பனையுச்சி, வெல்லம் ஆகிய நான்குக்கும் பொதுவானது ஒன்றே. அது பொருளன்று, வடிவு. உருண்டு வளைந்த வடிவு.

முண்டம் என்னும் வடசொல்லினின்று மண்டை வந்தது என்பது இரண்டாவது கருத்து. வடமொழியில் முண்டம் மழித்த தலையைக் குறிக்கும். தலைப்பொருள் இரண்டிலும் இருப்பதால் உறவு காட்டினர் போலும். இக் கருத்தைத் தகர்க்க இலக்கணமே வேண்டா, காலவரிசை போதும். தமிழின் தொன்னூல்களில் மண்டை கலத்தைக் குறித்தே வழங்குகிறது. தலைப்பொருள் பிற்காலத்தில் ஏறியது. தலையைக் குறிக்கும் அயற்சொல்லிலிருந்து இச் சொல் வந்திருக்குமாயின், தலைப்பொருள் முன்னும் கலப்பொருள் பின்னும் வந்திருத்தல் வேண்டும். வந்ததோ நேர்மாறு. பேரன் பிறந்த பிறகு பாட்டன் பிறந்தான் என்பதைப் போன்றது அக் கருத்து.

வளைதல் என்னும் கருத்தினின்று பிறந்தது மண்டை என்பது மூன்றாவது. சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக 1974 முதல் 1981-இல் மறையும் வரை உழைத்த மொழிஞாயிறு பாவாணர், வளைதற் கருத்தடிப்படையில் சொற்குடும்பங்களைத் திரட்டிக் காட்டிய நெறி இதற்கு வழிகாட்டும். காலை மடக்கி முழந்தாளிட்டு நிற்பது மண்டியிடுதல். ஆடல் பயில்வோர் அரைக்கால் மடித்து நிற்பதை அரைமண்டி என்பர். மடங்கலும் வளைதலுமே மண்டியின் பொருள். வளைந்த விளிம்பும் உருண்ட அடியும் உடைய கலம் மண்டை. மண்டலம் என்னும் சொல்லையும் பாவாணர் இக் குடும்பத்திலேயே சேர்ப்பார். அச் சொல் வடமொழியிலும் தொன்மையாக வழங்குவதால், அதன் உரிமை பற்றிய வழக்கு அறிஞரிடையே நீண்டு செல்கிறது. மண்டைக்கு அத்தகைய வழக்கே இல்லை. பாணன் கையிலிருந்து பனையுச்சி வரை அது தமிழின் சொல். வலிய சான்றுள்ள இடத்தில் வலிந்து பேசுவதும், வழக்குள்ள இடத்தில் வழக்குண்டு என்று சொல்லுவதுமே தனித்தமிழுக்கு வலிமை தரும்.

அப்படியானால் உண்கலத்துக்கு மீண்டும் மண்டை என்று பெயரிடலாமா என்று இளைஞர் சிலர் கேட்பர். எவர்சில்வர் வந்தபோது பிளேட்டு வந்தது. கண்ணாடிக் கலம் வந்தபோது பவுல் வந்தது. அவற்றை விரட்ட மண்டையை அழைக்கலாமே என்பது அவர் ஆர்வம். அஃது ஆகாது. மலர்ந்த நிலையைக் கடந்து கவிழ்ந்த நிலையில் புதுவாழ்வு பெற்ற சொல்லை மீண்டும் புரட்டிப் போட்டால், விருந்தினர் முன்னே 'மண்டையை நீட்டுக' என்று சொல்லி அடிபடவே நேரும். மண்டை தலையாகவே வாழட்டும். பாட்டில் வரும்போது அதன் முதற்பொருளைப் பிள்ளைகட்குச் சொன்னாற் போதும்.

உண்கலத்துக்கு வேண்டிய சொல் வேறெங்கும் போகவில்லை. வட்டு என்பது உருண்டை வடிவான பொருள். அரங்கமைக்காமல் வட்டாடுதலை வள்ளுவர் கல்லாமைக்கு உவமையாக்கினார். அவ் வட்டோடு இல் என்னும் குறுமையீறு சேர, வட்டில். குடியிலிருந்து குடிலும், தொட்டியிலிருந்து தொட்டிலும் அவ்வாறே பிறந்தன. கன்னடம் வகரத்தைப் பகரமாக்கும். வாழை அங்கே பாளெ. வில் அங்கே பில்லு. வேர் அங்கே பேரு. அம் முறைப்படியே வட்டில் அங்கே பட்டலு ஆகி இன்றும் அடுக்களையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் டிஷ் என்பதும் வட்டைக் குறிக்கும் டிஸ்கஸ் என்னும் இலத்தீன் சொல்லின் பிள்ளையே. இரு நாட்டாரும் ஒரே வடிவைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டனர். முல்லைப்பாட்டின் உரையில் நாழிகை வட்டிலாகவும், தஞ்சைக் கல்வெட்டில் பொன்வட்டிலாகவும் நின்ற அச் சொல் ஒரு நாளும் தமிழனின் வாயைவிட்டு அகலவில்லை. கல்வராயனுக்கு மேற்கே கொங்குநாட்டு வீடுகளில் இன்றும் தாய்மார் பிள்ளையை அழைத்து, வட்டலைக் கழுவி எடுத்துவா, சோறு போடுகிறேன் என்கின்றனர்.